பந்து போகாத பக்கம்

எண்பதுகளில் ஜமுனாமரத்தூர் கிரிக்கெட் அணிக்கு நான் கேப்டன். மைதானத்தின் கீழ்ச்சரிவு எல்லையில் எங்கள் தபால்காரர் நிற்பார். ஒல்லியான ஆள், காக்கி கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருப்பார். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மட்டை பிடித்தவனின் காலைப் பார்த்து இரண்டடி நகர்வார். அவ்வளவுதான்.

மேட்டுப்பக்கம் நின்ற வாத்தியார் ஓடி, விழுந்து, புரண்டு பிடிப்பார். ஊரே கைதட்டும். இருவரில் யார் நல்ல ஃபீல்டர் என்று ஒருநாள் டீக்கடையில் பேச்சு வந்தது. தபால்காரரை வைத்துக்கொண்டே, அவரை அங்கே நிறுத்துவது தண்டம் என்றேன்.

"இன்னாங்க, ஒரு பந்துகூட புடிக்க மாட்டேன்றீங்களே?"

"வந்தாதானே சார் புடிக்க? என்னப் பாத்துட்டு அந்தாண்ட அடிக்கிறானுங்க."

சாக்கு என்று சிரித்தோம். அடுத்த ஆட்டத்துக்கு அவரை எடுக்கவில்லை.

அன்று எங்களை எதிர்த்து ஆடிய காவலூர்க்காரர்கள் கீழ்ச்சரிவை ஒருமுறை பார்த்தார்கள். பிறகு எல்லாப் பந்தையும் அங்கேயே அடித்தார்கள். எல்லைக்கு அப்பால் சாமைக் கொல்லையில் நாலாவது முறையாகப் பந்தைத் தேடி எறிந்துவிட்டு நிமிர்ந்தேன். அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்த கூட்டத்துக்குப் பின்னால் தபால்காரர் நின்றிருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. அடுத்த பந்து வீசப்படும் முன், நின்ற இடத்திலிருந்து இரண்டடி நகர்ந்தார்.

பந்து அவருக்கு நேராக வந்தது.