பல்பின் நெற்றியில் பொட்டு

எங்கள் காரின் முன்விளக்குகளை நானே மாற்றியது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் காலை எட்டு மணிக்குள் நான் ஈப்போவில் இருந்தாக வேண்டும். கல்லூரிகளுக்கு இடையிலான சொற்போரின் இறுதிச்சுற்று அங்கே நடக்கவிருந்தது. எங்கள் அணியின் முதல் பேச்சாளர் நான். எட்டு மணிக்குள் நேரில் வந்து பெயரைப் பதியாதவர் மேடையேற முடியாது என்பது விதி. அணியினர் மூவரும் ஈப்போவிலேயே இருந்தார்கள். விடுமுறைக்கு மலைமேல் வந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து புறப்பட்டால் ரிங்லெட்டைத் தாண்டித் தாப்பாவரை வளைந்து வளைந்து இறங்க வேண்டும். விடியுமுன் அந்தச் சாலையில் மூடுபனி படுத்துக் கிடக்கும். அப்பாவின் கார் என்னைவிட மூன்று வயது மூத்தது. இடப்பக்க விளக்கு செத்து ஒரு மாதமாகியிருந்தது. வலப்பக்க விளக்கு, மூன்றாம் முறை கொதிக்கவைத்த தேயிலைச் சாயம்போல் மங்கலாக எரிந்தது. தொழிற்சாலைக்கும் தானா ராத்தாவுக்கும் பகலில் போய்வரும் அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

புது பல்புகள் இரண்டை வாங்கத் தானா ராத்தாவுக்குப் போனோம். அப்பா வெளியே காரில் இருந்தார். நான் மட்டும் கடைக்குள் போனேன். கடைக்காரச் சீனர் பெட்டியைத் தட்டிக் காட்டி, கண்ணாடியை விரலால் தொடாதே என்று மலாயில் இருமுறை சொன்னார். விரலின் எண்ணெய் ஒட்டினாலே போதும், எரியும் சூட்டில் அந்த இடம் தனியாகக் காய்ந்து கண்ணாடி வெடித்துவிடுமாம். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைத் தக்க தருணம் வரும்வரை கைக்குள் வைத்திருப்பது மேடை எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டு மாமா தோட்டத்து லோரி ஓட்டுபவர். நான் பானெட்டைத் திறந்து நிற்பதைக் கண்டதும் வேலியோரம் வந்துவிட்டார்.

“என்ன பேச்சாளரம்மா, காடிக்கு மைக் மாட்டுறீங்களா?”

“முன்விளக்கு மாற்றுகிறேன் மாமா.”

“அது வாயால மாட்டுற சாமான் இல்லலா. செத்த இரு, குளிச்சிட்டு வந்து அஞ்சு நிமிசத்துல மாட்டித் தரேன்.”

“தேவையில்லை. படித்தவள் என்றால் கையில்லாதவள் என்று பொருளில்லை.”

“ஆத்தாடி! அண்ணே, ஒங்க மவ வீட்டுலயும் நோட்டீஸ்ல அடிச்ச மாதிரியேதான் பேசுமா?” என்று அப்பாவிடம் கேட்டுச் சிரித்தபடி உள்ளே போனார். அவர் உதவியை அன்று ஏற்றிருந்தால் எல்லாம் வேறாக முடிந்திருக்கும். அந்தச் சிரிப்புக்காகவே நான் ஏற்கவில்லை.

பருத்திக் கையுறை அணிந்துகொண்டேன். அப்பா கைபேசி விளக்கைப் பிடித்தார். மாலை நாலரை மணிக்கே சரிவிலிருந்து பனி ஏறிவந்து செடிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. மூன்று கம்பிகள் போகும் பிளக்கைப் பிடுங்கினேன். அதன் பின்னாலிருந்த ரப்பர் மூடி இருபது ஆண்டுக் குளிரில் தோலாக இறுகியிருந்தது. அதை உரித்தெடுக்கவே கால்மணி நேரமானது. உள்ளே பல்பைப் பிடித்திருந்த கம்பிக் கொக்கியை அமுக்கி விலக்கியதும் பழைய பல்பு கழன்று வந்தது. வலப்பக்கம் பேட்டரி இடித்தது. முழங்கை தோலுரிய அதையும் முடித்தேன். பெருமையாக இருந்தது. புது பல்புகளை எடுக்க வீட்டுக்குள் போனேன்.

பெட்டி பிரிந்து கிடந்தது. சாமிப் படத்தின்முன் வெற்றிலைத் தட்டில் இரண்டு பல்புகளும் நிமிர்ந்து நின்றன. இரண்டின் கண்ணாடியிலும் சந்தனம்; சந்தனத்தின்மேல் குங்குமம்.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தார். தோட்டத்துச் சுற்றுலாத் தேநீர்க் கடையில் நாள் முழுதும் தட்டுக் கழுவிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

“கீழ இரும்பா இருக்கு பாப்பா. அது காலு. கால்ல வைப்பாங்களா? அதான் நெத்தியில வச்சேன்,” என்றார். தட்டை என் பக்கம் நகர்த்தி, “நாளைக்கு நல்லபடியா போயிட்டு வரணும்ல,” என்றார்.

எங்கள் வீட்டுக்குள் வரும் புதுப்பொருள் எதுவும் பொட்டில்லாமல் புழங்கியதில்லை. மிக்சி, கேஸ் அடுப்பு, அப்பாவின் கைபேசி, என் கணினி, எல்லாவற்றுக்கும் அம்மா ஒரு நெற்றியைக் கண்டுபிடிப்பார். முந்தைய பொங்கலுக்குக் கோயில் மண்டபத்தில் நடந்த பட்டிமன்றத்தில், சடங்குகள் அறிவுக்குத் தடையே என்ற அணியில் நின்று அதை நான் சொன்னேன். “எங்கள் வீட்டில் மாவரைக்கும் இயந்திரத்துக்கும் நெற்றி உண்டு, அரைபடும் மாவுக்குத்தான் மூளை இல்லை” என்றபோது மண்டபம் அதிர்ந்தது. இரண்டாம் வரிசையில் இருந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதன்பிறகு வீட்டுக்கு ஒரு புது ரைஸ் குக்கர் வந்தது, ஒரு குடை வந்தது. எதற்கும் பொட்டில்லை. நானும் ஏனென்று கேட்கவில்லை. அத்தனை மாதங்களுக்குப் பின் அவர் துணிந்து வைத்த முதல் பொட்டுகள் இவை. தீர்ப்புக்குக் காத்திருப்பவரைப்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்து ஒரு முறை துடைத்தால் போதும். “அம்மா, இதன் கண்ணாடியில் எதுவும் படக்கூடாதாம்” என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் சொல்லவில்லை.

அவர் மனம் நோகக்கூடாதென்று வாய்மூடினேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறுபாதி இது: அரையிறுதியில் நான் தடுமாறியிருந்தேன், மயிரிழையில்தான் வென்றோம், எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பொட்டு எனக்கு வேண்டியிருந்தது. ஊரறிய ஏளனம் செய்த ஒன்றை யாருமறியாமல் எடுத்துக்கொள்ள விரும்பினேன்.

பல்புகளைக் காரிடம் கொண்டுவந்தேன். அப்பா பிடித்த வெளிச்சம் நேராகக் குங்குமத்தில் விழுந்தது. பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சரியாமா?”

“சரிப்பா.”

மாட்டினேன். விளக்கைப் போட்டதும் எதிர்ச்சரிவின் தேயிலை வரிசைகள் பனிக்குள்ளிருந்து வெள்ளையாக எழுந்தன. மாமா வாசலில் நின்று கைதட்டினார்.

மறுநாள் ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ரிங்லெட்டைத் தாண்டிச் சில வளைவுகள் இறங்கியதும் இடப்பக்க வெளிச்சம் சட்டென்று போனது. “ஒத்தக் கண்ணுலயே போயிரலாம், கவலைப்படாத,” என்றார் அப்பா. அடுத்த கால்மணி நேரத்துக்குள் வலப்பக்கமும் போனது. எதிரே சாலை இல்லை, பனிதான் இருந்தது. காய்கறி லோரி ஒன்று கடந்தபோது அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வளைவுகள் இறங்கினோம், அதுவும் கரைந்துபோனது. பிறகு ஒரு லோரியும் வரவில்லை. சாலையோரம் பெத்தாய் என்னும் காட்டுக் காயும் தேனும் விற்கும் வெறுங்குடிசை ஒன்றின்முன் அப்பா காரை ஒதுக்கினார். கைபேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. விடியும்வரை, ஒரு மணி நேரத்துக்குமேல், நான் மனப்பாடம் செய்திருந்த தொடக்கவுரையை மனத்துக்குள் ஓட்டியபடி உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னென்னவோ பேச முயன்றார். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மண்டபத்தை அடைந்தபோது எட்டரை தாண்டியிருந்தது. பதிவு மேசையில் இருந்த பெண் கையை விரித்தாள். உள்ளே எங்கள் அணியின் மாற்றுப் பேச்சாளர், நான் எழுதிய தொடக்கவுரையைத் தன் குரலில் பேசிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம் நின்று கேட்டேன். இரண்டு இடங்களில் என்னைவிட நன்றாகவே பேசினாள். எங்கள் அணி வென்றது. மேடையில் கோப்பையோடு படம் எடுத்தபோது யாரோ என்னையும் கையசைத்து அழைத்தார்கள். கழிப்பறைக்குப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

அன்று பிற்பகல் மாமாதான் பல்புகளைக் கழற்றினார். கண்ணாடி ஒரு பக்கம் கொப்புளமாக வீங்கி, வெடித்து, உள்ளே பால்போல் வெளுத்திருந்தது. கொப்புளத்தின் நடுவே கருகிய வட்டம்.

“யாருண்ணே பல்புக்குப் பொட்டு வச்சது?” என்று சிரித்தார் மாமா. “ஆயுத பூசைக்கு டயருக்கு வைக்கிறோம், ஸ்டேரிங்குக்கு வைக்கிறோம், சரி. எரியிற கண்ணாடிக்கு வைப்பாங்களா?”

அம்மா வாசற்படியில் நின்றிருந்தார்.

அப்போது நான் பேசினேன். குரலை உயர்த்தவில்லை, நல்ல பேச்சாளர் உயர்த்துவதில்லை. அறியாமை குற்றமில்லை, அறியாமையைப் புனிதமாக்குவதே குற்றம் என்று தொடங்கினேன். ஒரு பொட்டு ஓராண்டு உழைப்பை எரித்த கதையைப் படிப்படியாக அடுக்கினேன். மண்டபத்தில் அன்று பேச வாய்க்காத அத்தனையையும் லயத்து வாசலில் பேசினேன். மாமாவின் சிரிப்பு நின்றது. ஸ்பேனரைப் பெட்டியில் வைக்கிற சத்தம்கூடக் கேட்காமல் வைத்தார்.

நான் முடித்தபின் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

“மாட்டுறப்ப நீ பாக்கலையா பாப்பா?”

என் பேச்சு வாழ்க்கையில் எந்த எதிரணியும் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை.

“இல்லை,” என்றேன். “பனியில் தெரியவில்லை.”

அம்மா தலையசைத்தார். “அப்ப என் தப்புதான்,” என்றார். அதில் குத்தல் இருந்திருந்தால் எனக்கு வழி இருந்திருக்கும், மறுத்துப் பேசியிருப்பேன். இல்லை. நம்பித்தான் சொன்னார்.

அப்பா பானெட்டின்மேல் கைவைத்தபடி என்னைப் பார்த்தார். பொட்டின்மேல் நேராக வெளிச்சம் பிடித்தவர் அவர். “சரியாமா” என்று கேட்டவரும் அவர். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அங்கேயே தோற்றிருப்பேன். சொல்லவில்லை. பானெட்டை மூடிவிட்டு, அம்மாவின் பின்னாலேயே உள்ளே போனார்.

அடுத்த வாரம் மாமா புது பல்புகள் வாங்கி மாட்டினார். அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. கார் இப்போது நன்றாக ஓடுகிறது. நான் இதுவரை உண்மையைச் சொல்லவில்லை.