இரவல் நாற்காலி

மூன்று கோடைக்கு முன்னால் திண்டுக்கல்லில் நடந்தது இது. ஆதரவற்ற முதியோருக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியிருந்த புதிது. பி.யு.சி. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நான், எங்கள் வரிசை வீடுகளின் கடைசி அறையில் தனியாக இருந்த ஓர் அம்மாளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். தெருவுக்கே அவர் ஆத்தாதான். பூக்கட்டி விற்றுப் பிழைத்தவர். கண் மங்கிய பிறகு அக்கம்பக்கத்தார் கொடுப்பதுதான் சாப்பாடு. கிண்ணத்தை வாங்கும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் ஆத்தாவுக்குக் கைகால் ஓடவில்லை. தரையை மெழுகினார். எதிர்வீட்டில் தோல் வியாபாரம் செய்யும் பாயிடம் கைவைத்த நாற்காலி இரவல் வாங்கினார். என் அம்மாவிடம் எவர்சில்வர் டம்ளரும் காப்பித்தூளும். பெட்டியில் இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டார். நான் அன்று இன்டர்வியூவுக்காகப் பழனி போயிருந்தேன். திரும்பியதும் பூரித்துப்போய்ச் சொன்னார்:

"நல்லா ஒக்காந்து காப்பி குடிச்சாரு அப்பு. ஒண்ணுமே கேக்கல. அம்புட்டு மரியாதை!"

சில வாரங்களில் பதில் வந்தது. மனுதாரர் வசதியாக வாழ்வதால் மனு தள்ளுபடி.

படித்துக் காட்டினேன். "அப்ப என்னையப் பொய்க்காரின்னு எழுதிட்டாரா?" என்றார் ஆத்தா.

மறுநாளே தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினோம். பாயும் கூட வந்தார். ஆத்தா அதே நல்ல சேலையில் நின்றதைப் பார்த்து எனக்கு எரிச்சல். "கிழிஞ்சதைக் கட்டிட்டு வரக்கூடாதா?"

"ஆபீசுக்குல்ல போறோம். பிச்சைக்கா போறோம்?"

தாசில்தார் முன்னால், வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை ஆரம்பித்தேன். "ஐயா, அரசியல் சட்டப்படி..." அவர் கையமர்த்தினார். "நீங்க இருங்க தம்பி. அந்தம்மா சொல்லட்டும்."

"வீடு தேடி வந்தவர நிக்க வச்சா பேசுறது சாமி? நாற்காலி பாய் வீட்டுது. டம்ளரும் காப்பித்தூளும் இந்தத் தம்பி வீட்டுது. சேலை மட்டுந்தான் என்னது."

"நாற்காலி நம்மளுதுதாங்க," என்றார் பாய். "பின்னங்கால் ஆடும். ஆபீசர் விழாம எந்திரிச்சது அல்லா கிருபை."

குமாஸ்தாக்கள் சிரித்துவிட்டார்கள். தாசில்தார் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். "இதெல்லாம் யாருதுன்னு இந்தம்மாகிட்டக் கேட்டீங்களா?"

"இல்லீங்க சார்."

"கேக்காம எப்படி எழுதினீங்க?"

"நானே வந்து பாக்குறேம்மா" என்று தாசில்தார் மனுவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தாசில்தாரே வந்தார். அவர் உள்ளே வருவதற்குள் ஆத்தாவின் அறையை எட்டிப் பார்த்தேன். நடுவில் அதே நாற்காலி! "ஆத்தா, மறுபடியுமா?" என்று பல்லைக் கடித்தேன்.

"வர்றவரு ஒக்கார வேணாமா?"

தாசில்தார் பின்னங்காலைப் பார்த்து, பதமாக உட்கார்ந்தார். காப்பி குடித்தார். அடுப்பு என்றைக்குக் கடைசியாக எரிந்தது, பானையில் அரிசி உண்டா, பிள்ளைகள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆத்தா இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

முதல் மணியார்டர் வந்த மறுநாள், அம்மா வழக்கம்போல் கிண்ணத்தில் சோறு போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார். ஆத்தா வாங்கவில்லை. அவர் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. என் முகத்தை நேராகப் பார்த்து, "இன்னைக்கு நீ இங்க சாப்பிட்டுப் போ அப்பு" என்றார்.

இப்போது எனக்கும் சர்க்கார் வேலை கிடைத்து, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே நிற்பவரை ஒரு வார்த்தை கேட்காமல் அவரைப் பற்றி ஒரு வரி எழுத என் கை இன்றும் கூசுகிறது.