டிபன் கேரியரைத் தூக்கியது யார்?

என்னைப் பற்றி ஒருவர் புத்தகம் எழுதினார். நான் எழுத்தாளர் இல்லை, எழுத்தாளரைக் கட்டிக்கொண்டவள். எங்கள் திருமண வெள்ளி விழாவுக்காக, என் கணவரின் கதைகள் மேல் உயிரையே வைத்திருந்த ஒரு தமிழாசிரியர் என் வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதி, பிழை பார்க்கச் சொல்லி புரூஃபை என்னிடம் கொடுத்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் திருமுல்லைவாயிலில் குடியிருந்தோம்.

பிறந்த ஊர் சரி. ஞானஸ்நானம் பெற்ற கோயில்கூடச் சரி. பிறகு அந்த வரி வந்தது: 'கணவரின் எழுத்துக்காக வேலையைத் துறந்து, நாள்தோறும் டிபன் கேரியரில் சோறு சுமந்து அவர் பசியாற்றிய தியாகச் சுடர்.'

எனக்கு வந்ததே கோபம்! வேலையை விட்டது அவர். நான் ஆவடியில் ராணுவத்துக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன், என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவர் காலையில் எழுதுவார், பிறகு சமைப்பார், மதியச் சங்கு ஊதும்போது கேரியரோடு தொழிற்சாலை வாசலில் சைக்கிளில் வந்து நிற்பார். கேரியர் கதையை எங்கோ அரைகுறையாகக் கேட்ட ஆசிரியர், பெண்தானே சோறு சுமப்பாள் என்று தலைகீழாக்கிவிட்டார். அது அச்சேறினால் நான் தைத்த இத்தனை வருஷமும் காற்றோடு போயிற்று.

ஆசிரியரோ தயங்கினார். "உள்ளபடி போட்டா படிக்கிறவங்க சாரைப் பத்தி என்னம்மா நெனப்பாங்க?"

"நாளைக்கு மதியம் ஃபேக்டரி கேட்டுக்கு வாங்க சார்" என்றேன்.

வந்தார். சங்கு ஊதியது. என்னோடு வெளியே வந்த தையல் பிரிவுப் பெண்கள் என் கணவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கி இன்னா கொயம்பு?" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் நின்ற ஆசிரியரை ஏற இறங்கப் பார்த்து, "நீ யாரு நைனா? உம் பொண்டாட்டி எந்த செக்சன்ல கீது? கேரியர் எங்க?" என்றாள்.

பாவம், மனிதர் இரண்டடி பின்வாங்கினார். என் கணவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் திருத்திய பக்கம் வந்தது: 'மனைவி வேலைக்குச் செல்ல, கணவர் பெருந்தன்மையோடு உணவு கொண்டுவந்தார்.' தகவல் சரிதான். அந்தப் பெருந்தன்மைதான் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. நான் சுமந்ததாக எழுதியபோது தியாகம், அவர் சுமந்தால் பெருந்தன்மையா? பசிக்குச் சோறு, அவ்வளவுதானே?

"அடி அந்த வார்த்தையை" என்று சிவப்புப் பேனாவை நீட்டியவர் என் கணவர்தான். அடித்தேன், தாள் கிழியாத குறை.

விழாவன்று அந்தப் பக்கத்தை ஆசிரியரே மேடையில் வாசித்தார். 'அவர் தைத்தார். இவர் சமைத்தார். மதியச் சங்குக்குக் கேரியர் வந்தது.' வாசித்து முடிக்கும் முன்பே தையல் பிரிவு மொத்தமும் எழுந்து விசிலடித்தது. நானும் அடித்தேன், பட்டுப்புடவையோடு.