பதினாலாம் உருப்படி

துபாயின் தேராவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, ஜன்னல் இல்லாத அறை ஒன்றில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் எந்த வேலையிலும் நான் ஒன்றரை வருஷத்தைத் தாண்டியதில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, மும்பையில் பேக்கரி, சவுதியின் அல் கோபாரில் கட்டட வேலை, ஜெபல் அலியில் குடோன், இன்னும் என்னென்னவோ. என் கால் ஓரிடத்தில் நிற்காது. அந்த அறையில் மட்டும் நின்றதற்குக் காரணம் ஒரு கான்வாஸ் பை. செவ்வாய்க்கிழமைதோறும் அது மஸ்கட்டிலிருந்து வரும்.

அது ஒரு வங்கிக் குழுமத்தின் தபால் அறை. எங்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் கீழக்கரைக்காரர். அவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். சேர்ந்த அன்றே என்னைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்துக்கு முன்னால் நிறுத்தினார். பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டு, கோடு இழுத்து இணைத்த படம்.

"மேல இருக்கே ஒத்தப் பெட்டி, அதான் தாய் கம்பெனி. பதினெட்டாவது மாடி. மொத்தமே பதினோரு பேர்."

"அவங்கதான் பேங்க் நடத்துறாங்களா, பாய்?"

"ஒண்ணும் நடத்த மாட்டாங்க. கவுண்டர் கிடையாது, கஸ்டமர் கிடையாது. கீழ இருக்கிற கம்பெனிகளோட பங்கை வச்சிருப்பாங்க. வருஷத்துக்கு ஒருதரம் எல்லார் கணக்கையும் வாங்கி ஒண்ணாச் சேர்ப்பாங்க. யார் தலைவர், யார் டைரக்டர்னு முடிவு பண்ணுவாங்க. அவ்வளவுதான்."

தாய்க்குக் கீழே ஐந்து பெட்டிகள். மஸ்கட்டின் ரூவியில் ஒரு வங்கி, பஹ்ரைனின் மனாமாவில் ஒரு வங்கி. துபாயிலேயே இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றும் காரையும் இயந்திரத்தையும் தவணைக்குக் கொடுக்கும் கம்பெனி ஒன்றும். கடைசியாக, டிரைவர், வாட்ச்மேன், ஆபீஸ் பாய் என்று மற்ற நாலுக்கும் ஆள் கொடுக்கும் சர்வீஸ் கம்பெனி. என் விசா அந்தக் கடைசிப் பெட்டியில்தான் அடித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி லைசென்ஸ், தனி போர்டு, தனி முத்திரை. ரூவி வங்கியில் பெரும் பங்குதான் தாயிடம் இருந்தது. மீதி ஓமான்காரர்களிடம். அதனால் அங்கே போகும் காகிதம் எதுவும் வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவது போலப் போக முடியாது. எழுதிக் கேட்க வேண்டும், அவர்கள் எழுதிப் பதில் சொல்ல வேண்டும். ரூவி மனாமாவுக்கு ஏதாவது அனுப்பினாலும் நேராகப் போகாது. எங்கள் அறைக்கு வந்து, இங்கே பதிவாகி, அப்புறம் போகும்.

பாய் அந்தப் படத்தைப் பார்த்தே தபால் தட்டுகளையும் அடித்திருந்தார். மேலே ஒன்று, கீழே ஐந்து. எழுத்துக் கூட்டிப் படிக்கிற நான் ஒரு வாரத்தில் அந்தக் குழுமத்தை மனப்பாடம் செய்துவிட்டேன்.

சேர்ந்து நாலு மாதம் இருக்கும். அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "நீ குடுத்தனுப்பின காலண்டர் மாட்டியாச்சுடா. உங்கண்ணன் ஒண்ணு குடுத்துவிட்டான். ரெண்டுலயும் ஒரே பாய்மரக் கப்பலா இருக்கு. எழுத்துதான் வேற வேற."

பாய்மரக் கப்பல் எங்கள் குழுமத்தின் சின்னம். "அண்ணன் எங்க இருக்கான்?" என்றேன்.

"மஸ்கட்டு. ரூவின்னு ஏதோ சொல்றான். பேங்குல பை கட்டுற வேலையாம். நம்பர் கேக்காதடா. குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

அண்ணன் என்னிடம் பேசி அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. அப்பா இறந்துபோனபோது நான் அல் கோபாரில் இருந்தேன். ஊரிலிருந்து கம்பெனி ஆபீசுக்குப் போன் வந்திருக்கிறது. நாங்கள் இருந்த சைட் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டர். தகவல் தண்ணீர் லாரிக்காரன் வாயால் என்னிடம் வந்து சேர்ந்தது பதினோராம் நாள். பாஸ்போர்ட் கஃபீலிடம், விசா கொடுத்த முதலாளியிடம். லீவு கேட்டேன், மாஃபி, இல்லை என்றார்கள். மறுநாள் கம்பி கட்டப் போனேன். அண்ணனுக்குத் தெரிந்தது, தகவல் சொல்லியாகிவிட்டது, தம்பி வரவில்லை, ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்பது மட்டும்தான். பத்து நாளும் வாசலைப் பார்த்தபடி இருந்தானாம். பிறகு என் பெயரையே எடுப்பதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பை வந்ததும் அதன் முத்திரையை வெட்டி, உள்ளே இருந்த பட்டியலை எடுத்தேன். எங்கள் வேலையில் பட்டியல்தான் எல்லாம். பையில் இருக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் அதில் ஒரு எண் உண்டு. கீழே இரண்டு கட்டம். கட்டியவர் கையெழுத்து ஒன்றில், பெற்றவர் கையெழுத்து இன்னொன்றில். நாலு மாதமாகக் கட்டியவர் கட்டத்தைப் பார்க்காமலே என் கட்டத்தில் கிறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். தமிழ்க் கையெழுத்து. முன்னால் அப்பாவின் முதலெழுத்து, சுழியை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டு. சின்ன வயதில் சிலேட்டில் அவன் அப்படித்தான் போடுவான்.

பக்கத்துக் கட்டத்தில் நானும் அதே முதலெழுத்தைப் போட்டேன். அதற்கு முன்பு ஆங்கிலத்தில் போட்டுக்கொண்டிருந்தவன், அன்று முதல் தமிழுக்கு மாறினேன். ஒரு பிரதி ரூவிக்குத் திரும்பிப் போகும். அவன் பார்ப்பான்.

பார்த்தானா என்று தெரியவில்லை. உள் இணைப்பில் ரூவி தபால் அறைக்கு இரண்டு முறை போன் போட்டேன். முதல் முறை "ஹலோ, மெயில் ரூம்" என்றான். குரல் தடித்திருந்தது. "அண்ணா" என்றேன். வைத்துவிட்டான். இரண்டாம் முறை நான் பேசவே இல்லை. அவனும் வைக்காமல் கொஞ்சம் இருந்தான். பிறகு வைத்தான்.

ரூவிக்குத் திரும்பிப் போகும் பையில் கடிதம் போடுவது என்று முடிவு செய்தேன். கடிதம் என்ன, நாலு வரி. 'அண்ணா, எனக்குத் தெரிந்தது பதினோராம் நாள். பாஸ்போர்ட் என் கையில் இல்லை. சைட்டில் போன் இல்லை. தெரிந்து வராமல் இருக்கவில்லை.' அதை உறையில் போட்டு ஒட்டினேன்.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். வேறு எவனாவது என்றால் உறையை இரண்டு ஃபைலுக்கு நடுவே செருகிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான். நான் பாயிடம் வேலை கற்றவன். பட்டியலில் இல்லாத காகிதம் பையில் இருந்தால் திறக்கிற இடத்தில் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள், யாரிடம் போகும் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு காகிதம் தொலையக் கூடாது. பதிமூன்று உருப்படிகளுக்குக் கீழே, கூட்டிக் கூட்டி ஆங்கிலத்தில் எழுதினேன்: பதினாலு, கடிதம் ஒன்று, தபால் அறைக்கு.

பட்டியல் மூன்று பிரதி. ஒன்று பையோடு போகும், ஒன்று எங்களிடம் இருக்கும். மூன்றாவது பதினெட்டாவது மாடிக்கு, உள் தணிக்கைக்கு. அது எனக்குத் தெரியும். அங்கே அதை ஒருவர் வரி வரியாகப் படிப்பார் என்பதுதான் தெரியாது.

தாய் கம்பெனியிலிருந்து ரூவி வங்கிக்கு எழுதும் அதிகாரம் பெற்றவர்கள் மொத்தம் நாலு பேர். அந்த நாலு பேரில் யாரும் பதினாலாம் உருப்படியை அனுப்பவில்லை. தாய் மகளுக்கு முறையில்லாமல் ஏதாவது கட்டளை அனுப்பினால் அது ஓமான் மத்திய வங்கிவரை போகிற விஷயமாம். மேலேயிருந்து ரூவிக்கு ஒரு கேள்விக் கடிதம் போனது. பதினாலு என்ன? யார் பெற்றது? எழுத்தில் பதில் தேவை.

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்ப்பா, திருட்டு பீடி குடிக்கிறவன் ரசீது வாங்குவானா?"

"தொலைஞ்சிடக் கூடாதுன்னுதான், பாய்."

"உன் வேலை தொலையும். அங்க உங்கண்ணன் வேலையும் தொலையும். யா அல்லாஹ், நம்பர் வேற போட்டிருக்கான் பாரு, அழகா."

என் வேலையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எத்தனையோ போயிருக்கிறது. அவனுக்கு ஊரில் இரண்டு பிள்ளைகள். இரண்டாவது தடவையும் என்னால் அவன் தலை குனிய வேண்டியதாகிவிடும்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. மேலே என்னைக் கூப்பிட்டார்கள். தணிக்கை அதிகாரி சூடான்காரர், உயரமான மனிதர், மெதுவாகப் பேசுவார். மேசையில் ரூவியின் முத்திரை போட்ட உறை. அதற்குள் கோடு போட்ட தாள் ஒன்று, முழுக்கத் தமிழில்.

"எழுத்தில் விளக்கம் கேட்டோம். இப்படி வந்திருக்கிறது. உன் மொழிதானே? படித்துச் சொல்" என்றார்.

நின்றபடியே படித்தேன். அண்ணன் இப்படி எழுதியிருந்தான்:

'ஐயா, பதினாலாம் உருப்படி எனக்கு வந்தது. உறையைப் பிரித்துப் படித்தேன். அதில் வங்கி விஷயம் எதுவும் இல்லை. அனுப்பியவன் என் தம்பி. அவன் எட்டாவது வரைதான் படித்தவன். இந்த முறைகள் அவனுக்குத் தெரியாது. அவன் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.'

கீழே கையெழுத்து. பெரிய சுழி.

'என் தம்பி' என்ற இடத்தில் எனக்குக் கண் நகரவில்லை. அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார். தெரிந்த ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். எட்டாவது என்று சொன்னபோது அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"கடைசி வரி? அது என்ன?"

அந்த ஒரு வரியை அந்த ஃபைலுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"பதில் மாஃபி, சார்" என்றேன். "கலாஸ்." முடிந்தது என்று கையால் காட்டினேன்.

அவர் பட்டியலில் பதினாலுக்கு நேராக ஒரு கோடு போட்டுச் சிறிதாகக் கையெழுத்து வைத்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. அண்ணனைத் தபால் அறையிலிருந்து எடுத்து சலாலா கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த பையின் பட்டியலில் கட்டியவர் கட்டத்தில் யாரோ மலையாளத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அதன் பிறகும் ஒன்றரை வருஷம் அங்கே இருந்தேன். செவ்வாய்க்கிழமை வந்தால் பையை நானே பிரிப்பேன். நேரில் என்று எழுதியிருக்கிறான். எந்த நேரில், எங்கே என்று எழுதவில்லை. துபாயில் என் பாஸ்போர்ட் சர்வீஸ் கம்பெனியின் அலமாரியில். ஓமானில் அவன் பாஸ்போர்ட் வங்கியின் அலமாரியில். இரண்டு அலமாரிக்கும் மேலே அதே பதினோரு பேர்.

பிறகு தாய் கம்பெனி ரூவி வங்கியை விற்றது. ஓமானிலேயே வேறு யாரோ வாங்கினார்கள். பதினெட்டாவது மாடியில் நாலு கையெழுத்து. பாய் படத்தில் ஒரு பெட்டியை வெள்ளை மையால் அழித்தார். தட்டில் ஒட்டியிருந்த பெயரை நான் நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

விற்றால் பழைய காகிதங்களை மூலப் பிரதியாகவே ஒப்படைக்க வேண்டும். கூட்ட நடவடிக்கைப் புத்தகங்கள், பங்குச் சான்றுகள், தபால் பட்டியல்கள்கூட. எட்டுப் பெட்டி. அவற்றை ஆபீஸ் காரில் ஒரு குமாஸ்தா கொண்டுபோக வேண்டும், தூக்க ஒரு ஆள். பாய் என் பெயரை எழுதிக்கொடுத்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பட்டியலில் எட்டாவது பெட்டிக்குக் கீழே என் பெயரைக் காட்டி, "இதுக்கும் நம்பர் போட்டுடாத" என்றார்.

இரண்டு நாள் விசா. ரூவியில் வங்கி வாசலில் ஏணி போட்டுப் பாய்மரக் கப்பலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளைத் தபால் அறையில் இறக்கிச் சரிபார்த்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அண்ணன் உட்கார்ந்திருந்த இடம் எது என்று கேட்டேன். அங்கிருந்த மலையாளிச் சேட்டன் ஒரு ஸ்டூலைக் காட்டினார். அதன்மேல் பழைய தலையணை உறையை மடித்துப் போட்டிருந்தது, அம்மா தைக்கிற மாதிரிப் பூ வைத்து.

"சலாலாவுக்கு இங்கேருந்து எவ்வளவு நேரம், சேட்டா?"

"பஸ்ஸில் பன்னிரண்டு மணிக்கூர்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சலாலா கிளையின் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார்.

"யாரு?" என்றான் அண்ணன்.

"நான்தான். ரூவில இருக்கேன். உன் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்."

வைக்கவில்லை. மூச்சு கேட்டது.

"எப்ப வந்த?"

"காலைல. நாளைக்குக் காலைல கார் கிளம்புது."

"இனிமே ராத்திரி பஸ்தான். நான் வர்றதுக்குள்ள நீ போயிடுவ."

"ஆமா."

"எவனாவது லிஸ்ட்ல ஏத்துவானாடா? மடையா. மேனேஜர் முன்னாடி நிக்கவச்சுட்ட என்னை."

"தப்புதாண்ணா."

"பதினாலாம் நம்பராம்." சிரித்தானா, இருமினானா தெரியவில்லை.

"பதில் சொல்றேன்னு எழுதியிருந்தியே."

"போன்லயா சொல்லுவாங்க? நேர்ல." பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "உனக்கு எப்ப லீவு?"

"வருஷக் கணக்கு முடியாம விட மாட்டாங்க. கேட்டா ஜூன்ல தருவாங்க."

"நானும் ஜூனுக்கு எழுதிக் குடுக்கறேன். புது ஓனர் என்ன சொல்றானோ. நீ போட்டு வை."

"போடறேன்."

"லிஸ்ட்ல ஏத்திடாத" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

மறுநாள் காலை ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். கொடுத்தவர் கட்டத்தில் என்னுடையது. பெற்றவர் கட்டத்தில் புது ஆள். தேரா வந்ததும் ஜூன் மாதத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். அப்போது ஜனவரி. ஓரிடத்தில் நிற்காத கால் அந்த ஐந்து மாதமும் அந்த அறையைவிட்டு நகரவில்லை.