தேக்குதான் என்று நான் சொன்னேன்

எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மரம் தேக்கா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. அறிவியல் பரீட்சையில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியிருந்தேன் என்பது என் தகுதி. அது இலைகளைப் பற்றிய பாடம். வீட்டுக்கு வந்த பலகைகளில் ஒரு இலைகூட இல்லை.

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா லேத் ஆபரேட்டர். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு அப்பா அம்மா இல்லாததால் கல்யாணத்தை என் அப்பாதான் நடத்த வேண்டும். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்தார். சித்தி வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸிலேயே அவரும் வருகிறவர். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சித்தி தனியாகச் சிரிக்க ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியாது. வயிற்றில் பூச்சி என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா மர அறுவை மில் வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"மரம் அறுக்கிற வூட்டுக்கு இரும்புக் கட்டில் வந்தா ஊரே சிரிக்கும். தேக்குல போட்டுடுங்க. இல்லைன்னா சொல்லிடுங்க, வேற எடம் பாத்துக்கறோம்."

அப்பா தலையாட்டினார். ஒரு மாதம் தேக்குக்காக அலைந்தார். கடைசியில் குருபரப்பள்ளி ரோட்டோரத்தில் பழைய மரம் விற்கும் கடையிலிருந்து ஒரு டெம்போ நிறையப் பலகைகளோடு வந்து இறங்கினார். என்ன மரம் என்று கேட்டதற்குக் கடைக்காரர், "பாத்தா தெரியலயா சார்?" என்றாராம். தெரியவில்லை என்று சொல்ல அப்பாவுக்குக் கூச்சம்.

பலகைகள் வாசலில் சாய்ந்து நின்றன. செம்பழுப்பு நிறம், நல்ல கனம், ஊடே கருப்புக் கோடுகள். அம்மா பார்த்தவுடன் வேங்கை என்றாள். வீட்டுக்காரம்மா, "வேங்கையும் இல்ல ஒண்ணும் இல்ல. இது ஹொன்னே கணம்மா" என்றார். அரைமணி நேரம் இருவரும் விடவில்லை. வீட்டுக்காரம்மாவின் கணவர் வெளியே வந்து, தமிழில் வேங்கை என்பதைத்தான் கன்னடத்தில் ஹொன்னே என்பார்கள் என்று சொன்னபோது, இருவருக்கும் அவர் மேல்தான் கோபம் வந்தது. வேலைக்கு வந்த ஆசாரியைக் கேட்டோம்.

"நான் கட்டில் செய்ய வந்தேங்க. மரத்துக்குப் பேர் வெக்க வரல."

அப்பா சோர்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில்தான் நான் களத்தில் குதித்தேன். எங்கள் தலைமை ஆசிரியரின் நாற்காலி தேக்கு. அது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஒரு துண்டுப் பலகையைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய், அவர் மீட்டிங் போன நேரத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நிறம், அதே கோடு. சாயங்காலம் மூச்சிரைக்க ஓடிவந்து, "தேக்குதான்ப்பா!" என்றேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அந்த நாற்காலி தேக்கு என்று பள்ளிக்கூடத்துக்குச் சொன்னது யார் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அதில் உட்கார்ந்திருந்தவர்தான் சொன்னார்.

கட்டில் தயாரானது. வார்னிஷ் போட்டதும் கண்ணாடிபோல் மின்னியது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சீர் சாமான்களைப் பார்க்க அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கட்டிலைச் சுற்றி வந்து, ஒரு காலை நகத்தால் சுரண்டி, கணவரிடம் சொன்னார்: "நீங்க பாத்துச் சொல்லுங்க. எனக்கு என்னமோ சந்தேகமாத்தான் இருக்குது."

அவர் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். மூக்கை வைத்து மோந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். நிபுணர் என்ற முறையில் நானும் பின்னாலேயே நுழைந்தேன்.

அடிப்பக்கத்தை ஆசாரி இழைக்காமல் விட்டிருந்தார். அங்கே கருப்பு மையில் ஒரு குடைப் படம். பக்கத்தில் காலுள்ள ஒரு கண்ணாடிக் கோப்பை. அதற்கும் பக்கத்தில் மேலே பார்த்த இரண்டு அம்புகள். அவர் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், தெரியாமல் முழிக்கிறார் என்று நினைத்து நான் உதவினேன்.

"அது சீல், தாத்தா. ஒரிஜினல் தேக்குக்கு மட்டும்தான் போடுவாங்க."

அவருக்கு வந்த சிரிப்பில் தலை பலகையில் இடித்தது. "அப்படியா கண்ணு?" என்றார், தலையைத் தேய்த்துக்கொண்டே.

கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்தால் மனிதர்களுக்குக் கால்கள் மட்டும்தான். மெட்டி போட்ட ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் இரண்டு பாதங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அழுத்திக்கொண்டிருந்தன. கதவோரம் நின்ற சித்தியின் கால்விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. அவர் அந்தக் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மரத்தைப் பார்க்க வந்த மனுஷன் காலை எதற்குப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"என்னாங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அவர் வெளியே வந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "தேக்குதான். அருமையான தேக்கு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். அப்பாவின் தோளில் கைவைத்து, "சம்பந்தி, மெத்தை வாங்கிட்டீங்கன்னா இப்பவே விரிச்சிடுங்க. பெரிய மெத்தையா, நாலு பக்கமும் தொங்கற மாதிரி விரிப்பு போடுங்க. புது மரத்துல தூசி படக்கூடாது" என்றார்.

"விரிப்பு போட்டா கோடு தெரியாதே, தாத்தா!" என்று நான் கத்தினேன். அம்மா என்னைக் கிள்ளினாள். கதவோரத்தில் சித்தி இல்லை. சமையலறையில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டது.

நான் படித்து முடித்து ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியது. அது வந்த மரப்பெட்டியின் மேல் அதே குடை, அதே கோப்பை, அதே அம்புகள். நனைக்காதே, உடைக்காதே, இந்தப் பக்கம் மேலே. நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், சூப்பர்வைசர் என்னைப் பற்றி அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

ஆனால் அந்தப் பத்து வயதில், நான் கண்டுபிடித்த தேக்கை ஊர் பார்க்க முடியாதபடி மெத்தை போட்டு மூடச் சொன்ன பொறாமைக்காரர்தான் எனக்கு மாப்பிள்ளையின் அப்பா. கிளம்பும்போது, "வரட்டுமா கண்ணு?" என்று என் கன்னத்தைத் தொட வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.