அம்மாவை எடுத்த மூன்றாவது ரோல்

பிலிம் கேமராவைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் என்னென்ன தப்பு செய்வார்களோ, அதில் பெரும்பாலானதை நானும் செய்துவிட்டேன். ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி பழைய கேமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. அதே மாதிரி ஒன்றை வாங்கினேன். எப்படி இயக்குவது என்று அவளிடம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று, வாங்கிய கையோடு பூந்தமல்லி மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

முதல் ரோலில் ஒரு படமும் இல்லை. பிலிமின் நுனியை உள்ளே இருக்கும் உருளையில் சரியாகச் சொருகவில்லை. நான் லீவரை இழுக்க இழுக்க எண் மட்டும் ஏறிக்கொண்டே போக, பிலிம் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. பூ கட்டுகிறவர்களை எல்லாம் இப்படித் திரும்புங்கள், அப்படிப் பாருங்கள் என்று அத்தனை அதிகாரம் செய்திருந்தேன். பிலிம் கழுவும் லேபில் இருக்கும் பெண் போனில் விஷயத்தைச் சொன்னபோது, அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குக் கேட்டது. இரண்டாவது ரோலில் படங்கள் இருந்தன, ஆனால் எல்லாமே ஒரே இருட்டு. ஐயப்பன்தாங்கல் டெப்போவில் வரிசையாக நின்ற பஸ்கள் கரிக்கட்டைகளாகத் தெரிந்தன. நிழலில் எடுத்திருப்போம் என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு சமாதானமாகிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா வேலையை விடுவதாகச் சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் டெய்லர். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் உள்ளே போனவள். விடிந்தும் விடியாமலும் நசரத்பேட்டையில் கம்பெனி வேன் ஏறுவாள். நாள் பூராவும் சட்டைக்குக் காலர் வைப்பாள். பெடலை மிதித்து மிதித்து முட்டி போய்விட்டது. தீபாவளி முடிந்ததும் நின்றுவிடப் போகிறேன் என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா மிஷினில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. படமும் கிடையாது. வெளிநாட்டுக்காரர்களின் டிசைன் வெளியே போய்விடும் என்று கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வீட்டில் இருக்கிற படங்களில் எல்லாம் அவள் யாருடைய கல்யாணத்திலாவது கடைசி வரிசையில், யாருடைய குழந்தையையாவது தூக்கிக்கொண்டு நிற்பாள். குடும்பத்தை உள்ளே விடுகிற ஒரே நாள் ஆயுத பூஜை, அதற்கும் நான் போனதில்லை. இந்த வருஷம் அதைவிட்டால் அவளை அவள் இடத்தில் வைத்துப் படம் எடுக்க வழியில்லை.

அன்றைக்கும் வாசலில் செக்யூரிட்டி எல்லோருடைய போனையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். என் கழுத்தில் தொங்கிய கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனை வாங்கச் சொல்லித்தான் தனக்கு உத்தரவு, இதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று உள்ளே விட்டுவிட்டார். ஆக, அந்தக் கட்டடத்துக்குள் படம் எடுக்க இருந்த ஒரே பொருள், இரண்டு ரோலை நாசம் செய்த என் கையில்தான் இருந்தது.

உள்ளே மிஷின்களுக்கெல்லாம் விபூதிப் பட்டை, சாமந்திச் சரம். அம்மா பட்டுப்புடவையில் இருந்தாள். கையில் சந்தனக் கிண்ணம். தன் மிஷினுக்கு வைத்தாள், கத்தரிக்கோலுக்கு வைத்தாள், இஞ்ச் டேப்பைக்கூட விடவில்லை. பிறகு நான் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் என் கேமராவைப் பிடித்து, பெரிய லென்ஸை மட்டும் பக்குவமாக விட்டுவிட்டு, அதற்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடி வட்டத்தின்மேல் விரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. கேமராவில் போய் இதையெல்லாம் பூசுவார்களா என்று கேட்டேன்.

"இன்னாடி கத்துற. இதுவும் ஆயுதந்தானே. அது மட்டும் சும்மா நிக்குமா?"

துடைத்துவிடக் கை போனது. சுற்றிலும் அவளோடு வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்த பொட்டை அவர்கள் எதிரில் துடைத்தால் அம்மாவின் முகம் வாடிவிடும். போகட்டும் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு நாள் கழித்தும், அந்த ஒரு நொடி எனக்குப் புத்தி வந்ததற்காகச் சந்தோஷப்படுகிறேன்.

பூஜை போட்ட மிஷினை அன்றைக்கு ஓட்டக் கூடாது. அதனால் உட்கார்ந்த அம்மாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள், புடவையை இழுத்துவிட்டாள். பக்கத்து மிஷின் அக்கா அவள் காதில் என்னவோ சொல்ல, அம்மா தலையைச் சாய்த்துச் சிரித்தாள். நான் அழுத்தினேன். அதன் பிறகு தையல் லைனில் இருந்த ஒவ்வொருவரும் தன்னையும் எடுக்கச் சொல்லி வந்து உட்கார, ரோல் தீர்ந்துபோனது. வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

லேபிலிருந்து போன் வந்தபோது இருட்டாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை, எல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்றாள் அந்தப் பெண். நம்ப முடியாமல் கேமராவையும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அவள் அதன் மேல்பக்கத்தில் எண்கள் போட்ட திருகைப் பார்த்துவிட்டு, இந்தப் பிலிமுக்கு நூறு என்று வைக்க வேண்டிய இடத்தில் நானூறு வைத்திருக்கிறீர்களே என்றாள். நான் போடுகிற பிலிமுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். அந்த எண்ணோ, கொஞ்சம் போதும் என்று கேமராவிடம் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது ரோல் இருண்டதற்கு அதுதான் காரணம். அப்படியானால் இதுவும் இருண்டிருக்க வேண்டுமே என்று அவளே குழம்பி, கேமராவைத் திருப்பினாள். லென்ஸுக்கு மேலே சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

கேமரா வெளிச்சத்தை அளந்து பார்க்கிற கண் அந்தச் சின்னக் கண்ணாடிதானாம். அம்மா அதை மூடிவிட்டாள். இடமே இருட்டு என்று கேமரா நினைத்துக்கொண்டு, தாராளமாக வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறது. என் தப்பால் குறைந்ததை அம்மா வைத்த பொட்டு ஈடுகட்டிவிட்டது. லேப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். இனிமேல் பொட்டையும் துடைத்துவிடுங்கள், நம்பரையும் மாற்றுங்கள் என்றாள். சாமி விஷயத்தில் அம்மாவோடு தினமும் மல்லுக்கு நிற்கிறவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள் அதிகமாகிவிட்டார்கள். உள்ளே விட்ட செக்யூரிட்டி, சிரிக்கவைத்த அக்கா, கிண்ணத்தோடு நின்ற அம்மா.

பிரிண்டை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, தனக்காக இதுவரை எதுவும் கேட்காதவள், இதைப் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். கூடத்துச் சுவரில், நான் பட்டம் வாங்கி அங்கியோடு நிற்கும் படம் இருக்கிற பக்கம் கை காட்டினாள்.

"உன் படத்துக்குப் பக்கத்துல மாட்டு. நானும் வேலைக்குப் போனேன்னு ஊட்டுக்கு வர்றவங்களுக்குத் தெரியட்டும்."

அந்த அங்கி எந்த மிஷினை மிதித்த சம்பளத்தில் வந்தது என்று இந்த வீட்டுக்கு வருகிற ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. பெரிய பிரிண்ட் வந்த அன்று என் படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டு, அதே ஆணியில் அம்மாவை மாட்டினேன்.