கொழிஞ்சி வந்த சாக்கு

2008 நவம்பர் 12, புதன்கிழமை. காலையில் தூறல், பத்து மணிக்குமேல் கனமழை. சின்னப்பராஜின் குறிப்பேட்டில் அன்றைய பக்கம் இவ்வாறு தொடங்குகிறது. அதன் கீழே, 'கெடார், வீரம்மாள் கொல்லை, கொழிஞ்சி நாலு கிலோ. துணிப்பை நனைந்தது, அக்கா வீட்டுச் சாக்கு' என்று எழுதியிருக்கிறார்.

சின்னப்பராஜ் 1993-ஆம் ஆண்டு திண்டிவனத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். குடுவை கழுவுவதே அவருக்கு இடப்பட்ட பணி. செடிகளை இனம் காணத் தெரிந்தவர் என்பதால், ஆய்வாளர்களுக்குச் செடி பறித்து வரும் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது. என்ன செடி, எவர் நிலம், எத்தகைய வானிலை, எந்தப் பையில் வந்தது என அனைத்தையும் எழுதிவைப்பார். எழுதும்படி அவரிடம் எவரும் சொன்னதில்லை.

முனைவர் பட்ட ஆய்வாளர் வெண்ணிலா அப்போது மூன்றாண்டுகளாக அறுபத்தொரு செடிகளைச் சோதித்துவந்தார். புற்றுநோய்ச் செல்லுக்குள், 'பெருகு' என்னும் கட்டளை ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்திற்குக் கைமாறிக்கொண்டே செல்கிறது. அதைத் தடுக்கும் பொருள் எந்தச் செடியிலேனும் உண்டா என்பதே அவருடைய தேடல். சாறு எடுப்பது திண்டிவனத்தில். அதைச் செல்களில் இட்டுப் பார்ப்பது சென்னை ஆய்வகம் ஒன்றில். ஏழு செடிகள் கட்டளையைச் சற்றே தடுத்தன. கெடார்க் கொழிஞ்சியோ அடியோடு நிறுத்தியது.

சனவரியில் அதே கொல்லையிலிருந்து மீண்டும் கொழிஞ்சி வந்தது, ஒன்றையும் தடுக்கவில்லை. பிப்ரவரியில் வந்ததும் அப்படியே. மண்ணா, பருவமா, பூக்கும் காலமா என்று வெண்ணிலா குழம்பினார். சின்னப்பராஜ் மூன்று பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நிலம் ஒன்று, செடி ஒன்று, வேறுபட்டவை மழையும் சாக்குமே. வேறொன்றும் நினைவுக்கு வந்தது. கொண்டுவரும் செடியைக் கல்லூரிக் குழாயில் இருமுறை அலசுவது அவர் வழக்கம். அன்று, மழையே அலசிவிட்டது என்று விட்டுவிட்டார்.

ஞாயிறன்று பூசை முடிந்ததும் விழுப்புரத்தில் பேருந்து மாறிக் கெடாருக்குச் சென்றார்.

"யக்கா, அன்னிக்கு மழையில ஒரு சாக்கு குடுத்தியே, அதுல முன்னாடி என்னா இருந்துது?"

"அதத் திருப்பிக் குடுக்கவே உனுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப சாக்குக்கு ஜாதகம் பாக்க வந்துட்டியா?" என்று வீரம்மாள் சிரித்தார். "வெத மல்லாட்டைதான்." விதைக்கு வைத்திருந்த நிலக்கடலையைத்தான் சொன்னார்.

"சும்மா மல்லாட்டையா?"

"மருந்து பெரட்டனது தம்பி. பெரட்டாம வெதச்சா வேர் அழுவிப்பூடும். நல்லா ஒதறிட்டுத்தான் உனுக்குக் குடுத்தேன்."

"அந்தச் சாக்கு இன்னொரு தபா வேணும்க்கா."

"மாடுகூட மோந்து பாக்காத கொழிஞ்சிய அள்ளிக்கினு போனே. இப்ப வெறுஞ்சாக்கா? எடுத்துக்கினு ஜல்தி கெளம்பு, அப்பறம் ஊட்டுக் கூரையக் கேப்பே."

மறுநாள் அச்சாக்கு வெண்ணிலாவின் மேசைக்கு வந்தது.

"செடியே போடாம இத மட்டும் ஊறவச்சு அனுப்பிப் பாருங்க மேடம்."

"சாக்குச் சாறா அண்ணா? எங்க சார் என்னைக் காலேஜ விட்டே தொரத்திடுவாரு."

ஆயினும் சாக்கை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தவர் வெண்ணிலாவே. எண் மட்டும் எழுதப்பட்டு, அறுபத்திரண்டாம் சாறாக அது சென்னைக்குச் சென்றது. பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. வெறும் சாக்கே கட்டளையை அடியோடு நிறுத்தியிருந்தது. உடன் வைத்திருந்த நல்ல செல்களையும் கொன்றிருந்தது. நனைந்த இலையில் ஒட்டிவந்த விதை மருந்தைத்தான் இத்தனை மாதங்களாகக் கொழிஞ்சி என்று எண்ணியிருந்தனர்.

வெண்ணிலா முடிவுப் பட்டியலில் கொழிஞ்சி வரியை அடித்தார். பேனா அடுத்த வரிக்கு மேல் நின்றது. எஞ்சிய ஏழு செடிகளையும் பறித்து வந்தவர் சின்னப்பராஜே. அவையும் அச்சாக்கில் வந்திருந்தால் மூன்றாண்டு உழைப்பில் ஒரு வரிகூட மிஞ்சாது.

"அண்ணா, இந்தச் சாக்குல வேற ஏதாவது செடி வந்துதா?"

சின்னப்பராஜ் குறிப்பேட்டை முதற்பக்கத்திலிருந்து திருப்பி, ஒவ்வொரு செடிக்கும் எதிரே பையின் பெயர்மீது விரலை வைத்துப் படித்தார். அரைமணி நேரம் ஆயிற்று. வெண்ணிலா பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

"இல்ல மேடம். இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் துணிப்பையில வந்துது."